ரிப்போர்ட்டில் இருந்த ஊர்ப் பெயர்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்ப யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோர் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். மகளையும் அழைத்து வந்திருந்தார். பிள்ளை பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்திருக்கிறாள். இங்கிலாந்தில் எம்.எஸ்சி. புற்றுநோய் உயிரியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம். ஓராண்டுப் படிப்பு. கட்டணத்துக்கும் தங்கும் செலவுக்கும் வங்கிக் கடன் வாங்க வேண்டும். கடனுக்கு ஈடு, அவருக்கு இருக்கிற ஒன்றரை ஏக்கர் நஞ்சை.

"சார், இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்? நிலத்தை வைக்கலாமா, வேணாமா? நீங்க சொன்னா சரி" என்றார்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியன். என்னிடம் கேட்கிற கேள்வியா இது என்று தயங்கினேன். அதற்குள் அந்தப் பெண் ஒரு கோப்பை எடுத்து நீட்டினாள். அவளுடைய பெரியப்பாவின் பழைய இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய். சுருக்கமாக சி.எம்.எல். என்பார்கள். கீழே 'பிலடெல்பியா குரோமோசோம் பாசிட்டிவ்' என்று எழுதியிருந்தது.

"பன்னிரண்டு வருஷமா ஒரு மாத்திரை சாப்பிட்டுட்டு வயலுக்குப் போயிட்டு வர்றாரு தாத்தா. அந்த மாத்திரையைக் கண்டுபிடிச்சவங்க என்ன படிச்சாங்களோ, அதைத்தான் நானும் படிக்கணும்" என்றாள்.

நல்ல ஆசைதான். ஆனால் அதைக் கண்டுபிடித்தவர்கள் என்ன படித்தார்கள்? அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வாரம் தேடிப் படித்தேன். படித்ததை அவளுக்காகவும் உங்களுக்காகவும் எழுதுகிறேன்.

கதை 46 என்ற எண்ணில் தொடங்குகிறது. மனித செல் ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் என்று இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 1920-களிலிருந்து முப்பது ஆண்டுக்கும் மேலாக உலகம் முழுவதும் 48 என்றுதான் பாடம் நடத்தினார்கள். 1956-ல் சுவீடனில் உள்ள லுண்டு நகரிலிருந்து ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவான் என்ற இருவர் அது 46 என்று அறிவித்தார்கள். ஜியோ ஜாவாவில் பிறந்தவர். தாவரங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து வந்தவர். பயிர்ச் செல்களில் பழகிய கை, மனித செல்லை எண்ணிச் சரிசெய்தது. நாற்பத்தாறு என்று உறுதியான பிறகுதான் ஒருவருடைய செல்லில் கூடுகிறதா குறைகிறதா, உருவம் மாறியிருக்கிறதா என்று பார்க்கவே வழி பிறந்தது.

அடுத்த இடம் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். அங்கே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் நோவெல் என்ற இளம் நோய்க்குறியியல் மருத்துவர் இரத்தப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை செல்கள் இருந்த கண்ணாடித் தகட்டைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டார். உப்பில்லாத தண்ணீர் உள்ளே புகுந்ததால் செல்கள் உப்பின. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த குரோமோசோம்கள் விலகிப் பரவின. நுண்ணோக்கியில் தனித்தனியாகத் தெரிந்தன. ஆனால் நோவெலுக்குக் குரோமோசோம் பற்றி அதிகம் தெரியாது. தெரிந்த ஆளைத் தேடினார்.

அதே நகரத்தின் ஃபாக்ஸ் சேஸ் பகுதியில் இருந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற மாணவர் கிடைத்தார். இன்னும் முனைவர் பட்டம் வாங்கவில்லை. மனிதக் குரோமோசோம்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணில்தான் அது பட்டது. சி.எம்.எல். நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் இருக்க வேண்டியதைவிடச் சிறியதாக இருந்தது. 1960-ல் ஏழு நோயாளிகளின் விவரத்தோடு இருவரும் ஒரு சிறு குறிப்பாக அதை வெளியிட்டார்கள். கண்டுபிடித்த ஊரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. நம் மாணவருடைய அண்ணனின் ரிப்போர்ட்டில் ஓர் அமெரிக்க ஊரின் பெயர் வந்து உட்கார்ந்த கதை இதுதான்.

அதே ஆண்டு நோவெல் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பிரித்தெடுக்க அவரை வகைப் பயற்றிலிருந்து, அதாவது நம் கடைகளில் ராஜ்மா என்று விற்கிறார்களே அந்த இனத்திலிருந்து, எடுத்த ஒரு சாற்றைப் பயன்படுத்துவார்கள். அந்தச் சாறு பட்டால் வெள்ளணுக்கள் பிளந்து பெருகத் தொடங்குகின்றன என்று கண்டார். குரோமோசோமைப் பார்க்க வேண்டுமென்றால் செல் பிளந்துகொண்டிருக்க வேண்டும். இன்றும் இரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனை செய்யும் ஆய்வகங்களில் இந்தப் பொருள் இருக்கிறது.

சரி, குட்டிக் குரோமோசோம் கிடைத்துவிட்டது. அது நோய்க்குக் காரணமா, நோயினால் வந்த விளைவா? காணாமல் போன துண்டு எங்கே போயிற்று? பன்னிரண்டு ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்துகொண்டவர் ஜேனட் ரௌலி. சிகாகோக்காரர். 1940-களில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, 65 பேர் வகுப்பில் பெண்களுக்கு மூன்றே இடம். மூன்றும் நிரம்பிவிட்டன என்று காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்து படித்தார். 1948-ல் மருத்துவரானார். நான்கு ஆண் பிள்ளைகள். அவர்களை வளர்த்துக்கொண்டே பல ஆண்டுகள் பகுதி நேரமாகத்தான் வேலை பார்த்தார். கணவரின் பணிக்காக ஆக்ஸ்ஃபோர்டு போன இடத்தில் குரோமோசோம் பார்க்கும் முறையைக் கற்றார். திரும்பி வந்ததும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரிடம் நுண்ணோக்கியும், உட்கார ஓர் இடமும், பகுதி நேரச் சம்பளமும் கேட்டு வாங்கினார். 1970 வாக்கில் மறுபடியும் ஆக்ஸ்ஃபோர்டு போனபோது, குரோமோசோம்களில் பட்டை பட்டையாகத் தெரியும்படி சாயம் ஏற்றும் புதிய முறையைக் கற்றுக்கொண்டார்.

பிறகு நடந்தது வீட்டுச் சாப்பாட்டு மேசையில். குரோமோசோம் படங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்த்தார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அப்படி அடுக்கியபோதுதான் தெரிந்தது: 22-ஆம் குரோமோசோமில் குறைந்த துண்டு தொலைந்து போகவில்லை, 9-ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. 1973-ல் இது வெளியானது. புற்றுநோய் என்பது மரபுப் பொருளில் நடக்கும் கோளாறு என்ற எண்ணத்துக்கு அழுத்தமான சான்றுகளில் ஒன்றாக இது ஆனது. அப்போது ரௌலிக்கு வயது நாற்பத்தெட்டு.

1980-களில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள், 9-லிருந்து 22-க்குப் போன துண்டில் ஏபிஎல் என்ற மரபணு இருப்பதைக் காட்டினார்கள். அந்த மரபணு ஏற்கெனவே அறிமுகமானது. எலிகளுக்கு இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்தவர்கள் கண்டறிந்து வைத்திருந்தார்கள். அது 22-ஆம் குரோமோசோமில் உள்ள பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும்போது ஒரு கலப்புப் புரதம் உருவாகிறது. செல்லுக்குள் 'பெருகு, பெருகு' என்று இடைவிடாமல் கட்டளை கொடுக்கும் நொதி அது. அணைக்க முடியாத மின்விசிறி சுவிட்சு போல வைத்துக்கொள்ளுங்கள். 1990-ல் ஜார்ஜ் டேலி என்ற இளம் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் அந்தக் கலப்பு மரபணுவை மட்டும் எலியின் எலும்பு மஜ்ஜைக்குள் செலுத்திக் காட்டினார்கள். எலிக்கு அதே போன்ற நோய் வந்தது. விளைவு அல்ல, காரணம்தான் என்பது முப்பது ஆண்டுக்குப் பிறகு உறுதியானது.

காரணம் அந்த நொதிதான் என்றால், அதை அடைத்துவிட்டால் போதுமே? சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், சீபா-கைகி என்ற மருந்து நிறுவனத்தில் நிக்கலஸ் லைடன் என்ற உயிர்வேதியியலாளரும் யூர்க் சிம்மர்மன் என்ற வேதியியலாளரும் மற்றவர்களும் இப்படிப்பட்ட நொதிகளை அடைக்கும் பொருள்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் பிரையன் டிரக்கர் என்ற மருத்துவர் அவற்றை வாங்கி சி.எம்.எல். செல்களில் சோதித்தார். ஒரு பொருள் நோய்ச் செல்லைக் கொன்றது. நல்ல செல்லை விட்டுவிட்டது. நோயாளிகள் எண்ணிக்கை குறைவு, போட்ட பணம் திரும்புமா என்று நிறுவனத்தில் தயக்கம் இருந்தது. டிரக்கர் விடாமல் வற்புறுத்தினார். 1998-ல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். போதுமான அளவில் மருந்து பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்கள் சரியான அளவுக்குத் திரும்பின. 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. மருந்தின் பெயர் இமாட்டினிப். பின்னால் வந்த கணக்குப்படி, இதைத் தொடங்கியவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு 89 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

1960-லிருந்து 2001. நாற்பத்தொரு வருஷம்.

இனி கதை நம் ஊருக்கு வருகிறது. சீபா-கைகியும் சாண்டோஸும் 1996-ல் சேர்ந்து நோவார்டிஸ் ஆனது. அந்த நிறுவனம் 1998-ல் இந்தக் கூட்டுப்பொருளின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த இடம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். அறிந்த பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமானால் அதன் பலன் உண்மையிலேயே கூடியிருக்க வேண்டும் என்கிறது 2005-ல் திருத்தப்பட்ட நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்தப் பிரிவையே எதிர்த்து நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் மருந்து மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரித்தது 8,000 முதல் 10,000 ரூபாய் என்று அப்போது பேசப்பட்டது. எதிர்த்து நின்றவர்களில் மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் ஒன்று. ஒன்றரை ஏக்கர்க்காரர் வீட்டில் ஒருவர் பன்னிரண்டு வருஷம் இந்த மாத்திரையைச் சாப்பிட முடிவதற்கு ஆய்வகம் மட்டும் காரணமில்லை. ஓர் அலுவலகத்து மேசையில் கோப்பைக் கருத்தாகப் படித்தவரும் காரணம்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். இவர்கள் எல்லோரும் என்ன படித்தார்கள்? ஒருவர் தாவர ஆராய்ச்சியாளர். ஒருவர் நோய்க்குறியியல் மருத்துவர். ஒருவர் ஆய்வு மாணவர். ஒருவர் நான்கு பிள்ளைகளின் தாயான மருத்துவர். பிறகு வைரஸ் ஆராய்ந்தவர்கள், உயிர்வேதியியலாளர், வேதியியலாளர். இவர்களில் ஒருவர்கூடப் 'புற்றுநோய் உயிரியல்' என்ற பெயரில் பட்டம் வாங்கியவர் இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு கைத்தொழில் இருந்தது. குரோமோசோமைப் பரப்பத் தெரிந்தவர், சாயம் ஏற்றத் தெரிந்தவர், நொதியை அளக்கத் தெரிந்தவர், மூலக்கூறைக் கட்டத் தெரிந்தவர். அந்தத் தொழில்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. கண்டுபிடிப்பு பின்னால் வந்தது.

அதனால் அந்தப் படிப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. இத்தனை பேர் தனித்தனியாகக் கண்டறிந்ததை ஒரே இடத்தில் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறது அது. நல்ல அடித்தளம். ஆனால் பட்டத்தின் பெயரைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நான் விசாரித்த வரையில் வழிகள் இவை.

முதல் வழி ஆராய்ச்சி. இதற்கு எம்.எஸ்சி. நுழைவாயில் மட்டுமே, பிஎச்.டி. வேண்டும். நம் நாட்டில் ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் சில ஆண்டுகள் தற்காலிக ஆய்வாளராக இருந்தால்தான் நிரந்தர இடம். ஆனால் செலவு நம்முடையதல்ல. சி.எஸ்.ஐ.ஆர். நெட், டி.பி.டி., ஐ.சி.எம்.ஆர். தேர்வுகளில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் தருகிறார்கள். இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக், திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம், பக்கத்திலேயே சென்னை ஐ.ஐ.டி. என்று புற்றுநோய் ஆராய்ச்சி நடக்கும் இடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் பெரும்பாலும் நேரடியாகப் பிஎச்.டி.க்கே விண்ணப்பிக்கலாம், சேர்த்துக்கொண்டால் கட்டணத்தையும் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருவார்கள்.

இரண்டாவது, மருத்துவமனை ஆய்வகங்கள். அந்தப் பெரியப்பாவின் இரத்தத்தில் கலப்பு மரபணு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பி.சி.ஆர். செய்து பார்த்தார்களே, அதைச் செய்கிறவர்களும் இந்தப் படிப்புக்காரர்கள்தான். குரோமோசோம் பரிசோதனை, மரபணு வரிசை அறிதல் எல்லாம் இதில் அடங்கும். இங்கே கேட்பது செய்முறை அனுபவம். ஓராண்டுப் படிப்பில் ஆய்வகத்தில் எத்தனை மாதம் கையால் வேலை செய்ய விடுகிறார்கள் என்பதைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, மருந்து நிறுவனங்களும் மருந்துப் பரிசோதனை நிறுவனங்களும். அந்த 54 பேருக்கும் யார், எப்போது, எவ்வளவு மருந்து கொடுத்தார்கள், என்ன ஆயிற்று என்று ஒருவர் எழுதி வைக்காவிட்டால் மருந்துக்கு அனுமதியே கிடைத்திருக்காது. அது ஒரு முழுநேர வேலை. கணினியும் புள்ளியியலும் தெரிந்தால் மதிப்புக் கூடும்.

நான்காவது, காப்புரிமை. அறிவியலும் சட்டமும் தெரிந்தவர்கள் அங்கே தேவைப்படுகிறார்கள்.

கல்லூரி ஆசிரியர் வேலை என்றால் ஓர் எச்சரிக்கை. அரசு வேலைகளின் அறிவிப்பில் விலங்கியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் என்று பாடத்தின் பெயரைச் சொல்லியே கேட்பார்கள். 'புற்றுநோய் உயிரியல்' என்ற குறுகிய பெயர் அங்கே இடறலாம். வெளிநாட்டு ஓராண்டுப் பட்டம் இங்கே இணையாக ஏற்கப்படுமா என்பதையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். நாற்பது வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவன் சொல்கிறேன், சான்றிதழில் ஓர் எழுத்துக்காக அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு நேற்று அவர்கள் வீட்டுக்கே போனேன். "ஆராய்ச்சிதான் உன் ஆசை என்றால், பணம் கொடுத்துப் படிக்கிற வழியை விடு, பணம் வாங்கிக்கொண்டு படிக்கிற வழியைத் தேடு. இங்கேயே உயிர்வேதியியலோ உயிரித் தொழில்நுட்பமோ எம்.எஸ்சி. சேர். ஜே.ஆர்.எஃப். எழுது. அந்தப் படிப்பின் திட்டப்பணியைப் புற்றுநோய் ஆய்வகம் ஒன்றில் செய். வெளிநாடு பிறகும் அங்கேதான் இருக்கும்" என்றேன். "இங்கிலாந்துதான் வேண்டும் என்றால் உதவித்தொகை கிடைத்துப் போ. நிலத்தை ஈடு வைத்துப் போனால், வந்ததும் கடன் தவணைக்காகக் கிடைத்த வேலையைப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆராய்ச்சிக்கு வேண்டிய பொறுமையைத் தவணை விடாது" என்றும் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் முகம் வாடித்தான் போனது. ஒரு வருஷம் தள்ளிப்போகுமே என்றாள். ரௌலி காத்திருந்ததைச் சொன்னேன். சமாதானமானாளா என்று தெரியவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. பணம் கட்டக் கடைசி நாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. முடிவு அவர்களுடையது.

கிளம்பும்போது பெரியப்பா வயலிலிருந்து வந்தார். கை கால் கழுவி, சாப்பிட்டு, மாடத்தில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்தார். "என்ன வாத்தியாரே, பிள்ளைக்கு என்ன சொன்னீங்க?" என்றார். சொன்னேன். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "இதுக்கு நாப்பது வருஷமா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.

இந்தத் துறையில் படிக்கும், வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், நான் சொன்னதில் தவறிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். முதல் வேலை எப்படிக் கிடைத்தது என்று இரண்டு வரி எழுதினாலும் போதும். இந்தப் பத்து நாளைக்குள் அந்தப் பெண்ணிடம் அதைப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியன்